எண்ணி எழுதிய பாட்டா? – கட்டளைக் கலித்துறையின் கதை

யாப்பைக் கேலி செய்ய விரும்புவோர் முதலிற் கைவைப்பது கட்டளைக் கலித்துறையிலேதான். காரணம் வெளிப்படை. ஆசிரியப்பாவுக்கு அகவலோசை சொன்னார்கள். வெண்பாவுக்குத் தளை சொன்னார்கள். இந்தப் பாட்டுக்கோ எழுத்தையே எண்ணிவிட்டார்கள். ஓரடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கி 16 எழுத்து. நிரையசையில் தொடங்கினால் 17. ஒன்று கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. "பாட்டுப் பாடச் சொன்னீர்களா, கடைக் கணக்கு எழுதச் சொன்னீர்களா?" என்று யாப்பை வெறுக்கும் இளைஞர் ஒருவர் கேட்டால், யாப்பை விரும்பும் பெரியவர்கள் பலர் பதில் சொல்லத் தடுமாறுவார்கள். "முன்னோர் வகுத்தது" என்பார்கள். அது பதில் ஆகாது.

ஆயினும் இந்தக் கணக்குப் பாட்டிலேதான் மாணிக்கவாசகர் திருக்கோவையாரின் 400 செய்யுள்களையும் பாடினார். நம்மாழ்வார் தம் திருவிருத்தத்தைப் பாடினார். அபிராமிபட்டரின் அந்தாதி இன்றும் வீடுகளில் மனப்பாடமாய் ஓதப்படுகிறது. ஓதுகிற தாய்மாருள் எத்தனை பேர் விரல்மடித்து எழுத்தெண்ணியிருப்பார்கள்? செவிக்கு அது கணக்காகப் படவில்லை. அப்படியானால் அந்த 16, 17 எங்கிருந்து வந்தன? நேயர்களே, இன்று இந்த ஒரு கேள்வியையே பிடித்துக்கொண்டு போவோம்.

முதலில் விதியை நினைவுபடுத்திக்கொள்வோம். அடி நான்கு. அடிக்குச் சீர் ஐந்து. முதல் நான்கு சீரும் மாச்சீராகவோ விளச்சீராகவோ மாங்காய்ச்சீராகவோ வரும். ஐந்தாம் சீர் கூவிளங்காய் அல்லது கருவிளங்காய். அடிக்குள்ளே சீருக்குச் சீர் வெண்டளை. ஓரடியின் கடைசிச் சீருக்கும் அடுத்த அடியின் முதற்சீருக்கும் இடையே தளை பார்க்க வேண்டியதில்லை. நான்கடிக்கும் ஒரே எதுகை. மோனை, முதற்சீருக்கும் ஐந்தாம் சீருக்கும் அமைவது சிறப்பு. பாட்டு ஏகாரத்தில் முடியும். 'கட்டளை' என்ற சொல்லைக் கேட்டு யாரோ அதிகாரம் பண்ணுவதாக எண்ணவேண்டாம். கட்டளை என்றால் இங்கே அளவு. செங்கல் அறுக்கும் அச்சுக்கும் கட்டளை என்றே பெயர்.

கணக்கைக் காட்டுவதற்கு ஓர் அடி வேண்டும். பெரியோர் பாட்டைச் சோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை. ஆகையால் இந்தக் காரியத்துக்கென்றே ஓர் அடியைக் கட்டிக்கொண்டேன். கவிதை என்று யாரும் மயங்க வேண்டாம்.

கடலின் கரையில் படகினை நோக்கிய காதலியாள்

புளிமா, புளிமா, கருவிளம், கூவிளம், கூவிளங்காய். மாவுக்கு முன் நிரை, விளத்துக்கு முன் நேர், தளை தட்டவில்லை. மெய்களை விட்டு எண்ணினால் 3, 3, 4, 3, 4 – மொத்தம் 17. நிரையில் தொடங்கியது, சரி. 'கடலின்' என்பதை 'ஆற்றின்' என்று மாற்றினால் முதற்சீர் தேமாவாகும், அடி நேரில் தொடங்கும், மொத்தம் 16 ஆகும். இதுவும் சரி.

இப்போது எழுத்தைச் சீர்சீராக எண்ணாமல், சீரும் சீரும் சந்திக்கிற மூட்டுகளில் எண்ணிப்பாருங்கள். முதற்சீரின் கடைசி அசை 'லின்', அடுத்த சீரின் முதலசை 'கரை': 1 எழுத்தும் 2 எழுத்தும், ஆக 3. அடுத்த மூட்டு 'யில்', 'பட': மீண்டும் 3. அடுத்தது 'கினை', 'நோக்': 2 எழுத்தும் 1 எழுத்தும், 3. அடுத்தது 'கிய', 'கா': 3. நான்கு மூட்டும் மும்மூன்றாய் 12. கடைசிச் சீரில் எஞ்சியிருப்பது 'தலியாள்', நிரையும் நேரும், அதுவும் 3. ஆக 15. இன்னும் எண்ணாமல் விட்டது அடியின் தலையில் நிற்கும் முதலசை ஒன்றுதான். அது நேரானால் 1, நிரையானால் 2. பதினாறும் பதினேழும் இங்கேதான் பிறக்கின்றன.

இது நான் கட்டிய அடிக்கு மட்டும் வாய்த்த தற்செயல் அன்று. நேரசை எதுவாயினும் ஒற்று நீங்கினால் ஓரெழுத்து. நிரையசை எதுவாயினும் ஈரெழுத்து. வெண்டளை என்பது என்ன? நேரில் முடிந்த மாச்சீருக்கு முன் நிரை வரவேண்டும், நிரையில் முடிந்த விளச்சீருக்கு முன் நேர் வரவேண்டும் என்பதுதானே? அதாவது குறைவாய் முடிந்தால் நிறைவாய்த் தொடங்கு, நிறைவாய் முடிந்தால் குறைவாய்த் தொடங்கு. எப்படிப் பார்த்தாலும் மூட்டில் 3 எழுத்து. மாங்காய்ச்சீர் வந்தால்? 'படகினை' என்ற இடத்தில் 'படகோட்டம்' என்று வையுங்கள். முதலசையை முந்திய மூட்டு எடுத்துக்கொள்கிறது. எஞ்சிய இரண்டு நேரும், அடுத்த சீரின் நேரும், ஆக மூன்று நேர், மூன்றெழுத்து. அசை கூடியது, எழுத்துக் கூடவில்லை.

விளங்காய் வந்தால் மட்டும் கணக்குக் கெடுகிறது. 'படகினை' என்பதைப் 'படகுகளை' என்று பன்மையாக்கிப் பாருங்கள். கருவிளங்காய்க்கு முன் நேர். வெண்டளை குறைவறப் பொருந்துகிறது. ஆனால் அடி 18 எழுத்தாகிவிட்டது. அடியின் நடுவே விளங்காய் ஆகாது, கடைசியிலே விளங்காய் தவிர வேறு ஆகாது என்று ஆசிரியர்கள் சொன்னதன் உட்பொருள் இதுதான். நடுவே அது வந்தால் ஓட்டம் அங்கேயே இளைப்பாறிவிடும். அடி முடிகிற இடத்துக்கென்று அந்த ஓசையைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

எண்ணிக்கை மட்டும் பொருந்திவிட்டால் போதுமா என்றால், போதாது. என் அடியிலேயே இரண்டு சீரை இடம் மாற்றுகிறேன்: கடலின் படகினைக் கரையில் நோக்கிய காதலியாள். எழுத்து அதே 17. ஆனால் உரக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டு இடத்தில் கால் இடறும். விளத்துக்கு முன் நிரை வந்து ஒரு மூட்டில் 4, மாவுக்கு முன் நேர் வந்து அடுத்த மூட்டில் 2. கூட்டுத்தொகை தப்பியது, ஓசை தப்பவில்லை. எனவே எழுத்தெண்ணிக்கை பாட்டுக் கட்டும் செய்முறை அன்று. கட்டி முடித்ததைச் சரிபார்க்கும் ஓர் உபாயமே. திண்ணைப் பள்ளிக்கூடத்து மாணாக்கன் விரலை மடித்துத் தன் பாட்டைத் தானே சோதித்துக்கொள்ள உதவியது. புலவனுக்குச் செவி போதும்.

எதுகையும் இந்தக் கணக்கிலே பங்கெடுக்கிறது. ஐரோப்பிய மொழிகளில் ஒலியியைபு பெரும்பாலும் அடியின் வாலில் நிற்கும். நம்முடையது தலையில், இரண்டாம் எழுத்தில் நிற்கும். அதற்கு முதலெழுத்தின் மாத்திரை ஒத்திருக்கவேண்டும்: நெடிலுக்கு நெடில், குறிலுக்குக் குறில். முதலெழுத்து நெடிலானால் நான்கடியும் நேரில் தொடங்கும். குறிலும் அதன்பின் ஒற்றுமானால் அப்போதும் நேர்தான். குறிலும் அதன்பின் உயிர்மெய்யுமானால் நான்கும் நிரை. ஆகவே எதுகை பிழையாத பாட்டில் ஓரடி 16, மற்றையது 17 என்று கலந்து வர இடமில்லை. பாட்டு முழுவதும் 64 எழுத்து, அல்லது 68. செவிக்கு இன்பமாக வைத்த எதுகை பாட்டின் பருமனையும் சமன்செய்துவிடுகிறது.

இவ்வளவும் இலக்கணம். இனிச் சரித்திரத்துக்கு வருவோம். மேற்சொன்ன கணக்கு அங்கேதான் பயன்படப்போகிறது.

தொல்காப்பியம் செய்யுளியலில் அடிகளை எழுத்தளவால் பகுத்த பகுதி உண்டு. குறளடி 4 முதல் 6 எழுத்து, சிந்தடி 7 முதல் 9, அளவடி 10 முதல் 14, நெடிலடி 15 முதல் 17, கழிநெடிலடி 18 முதல் 20. இவை நாற்சீரடிக்குச் சொன்ன அளவுகள். ஆனால் துறை, தாழிசை, விருத்தம் என்னும் பாவினங்களைத் தொல்காப்பியர் அறியார். அவற்றை வகுத்து உரைப்பவை பிற்கால யாப்பு நூல்களே. ஐந்து சீரடி நான்கு வந்தால் அதைக் கலித்துறை என்றார்கள். கலிப்பாவின் கணக்கிலே பதிந்தார்கள்.

இந்தப் பதிவை நம்பியே சிலர் கட்டளைக் கலித்துறையைக் கலிப்பாவின் பிள்ளை என்பர். வேறு சிலர் இன்னும் தூரம் போய், இது வடமொழியிலிருந்து வந்தது என்பர். அவர்களுக்குக் கையில் இரண்டு சான்று உண்டு. ஒன்று, நாலாம் திருமுறையில் அப்பர் இந்த யாப்பிற் பாடிய பதிகங்களுக்கும், நம்மாழ்வார் பாடிய 100 செய்யுளுக்கும் 'திருவிருத்தம்' என்று பெயர். விருத்தம் வடசொல். மற்றையது, வடமொழி விருத்தங்கள் அடிக்கு இத்தனை எழுத்து என்று எண்ணி அமைபவை. மந்தாக்கிராந்தாவும் சிகரிணியும் அடிக்கு 17 எழுத்துக் கொண்டவை.

இந்த வாதம் மேலோட்டமாகப் பார்க்கக் கவர்ச்சியானது. பெயர் வடசொல் என்பதை மறுப்பதற்கில்லை. அக்காலத்தில் நாலடி ஒத்து நடக்கும் புதிய பாடல்களை விருத்தம் என்று அழைக்கும் வழக்கம் இருந்தது. பெயர் அங்கிருந்து வந்திருக்கலாம். உடல் வந்ததா என்பதுதான் கேள்வி. வடமொழி விருத்தத்தில் எந்த இடத்தில் குறில், எந்த இடத்தில் நெடில் என்பது அடிதோறும் வரையறுக்கப்பட்டது. மந்தாக்கிராந்தாவில் மூன்றாம் எழுத்தைக் குறுக்கிவிட்டால் அது மந்தாக்கிராந்தா அன்று. கட்டளைக் கலித்துறையில் அப்படி ஓரிடமும் கட்டப்படவில்லை. தேமா வரும் இடத்தில் கூவிளம் வரலாம், புளிமாங்காய் வரலாம். மூட்டுகள் பொருந்தினால் எண்ணிக்கை தானாக வந்து நிற்கும். அங்கே எண்ணிக்கை விதி. இங்கே எண்ணிக்கை விளைவு. இரண்டையும் ஒன்றென்பது, ஒரே நிறையுள்ள இரண்டு பொருளை ஒரே பொருள் என்பது போலாகும்.

விளைவுக்குக் காரணம் வெண்டளை. வெண்டளை வெண்பாவின் உயிர். ஆகையால் பதிவேட்டிலே எந்தக் குடும்பத்தின் பெயர் எழுதியிருந்தாலும், கட்டளைக் கலித்துறை வெண்பா வீட்டுப் பிள்ளை என்பதே என் எண்ணம். நாற்சீராய் நடந்த வெண்பா அடிக்கு ஒரு சீர் கூட்டி, ஒவ்வோரடியையும் விளங்காயில் நிறுத்தி மூச்சு விட இடங்கொடுத்தால் கிடைப்பது இதுதான். வெண்பாவில் தளை அடிகளையும் கடந்து ஓடும். ஈற்றடியிலே முச்சீராய்க் குறுகிச் சட்டென நிற்கும். இங்கே நான்கடியும் சம உயரத்தில் நிற்கின்றன. ஆகையால் வெண்பா சொல்லுக்கு ஏற்றது, கட்டளைக் கலித்துறை பாட்டுக்கு ஏற்றது.

காரைக்கால் அம்மையார் சம்பந்தருக்கும் அப்பருக்கும் முற்பட்டவர். அவருடைய திருவிரட்டை மணிமாலை, 11 ஆம் திருமுறையில் இருப்பது, 20 பாடல் கொண்டது. கட்டளைக் கலித்துறையும் வெண்பாவும் மாறி மாறி, அந்தாதியாய்த் தொடுக்கப்பட்டது. இரண்டு நிற மணியை மாற்றிக் கோத்த மாலை என்பது பெயரின் கருத்து. நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய கட்டளைக் கலித்துறைகளிற் சில, வெண்பாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன. இரண்டுக்கும் ஓசை உறவு இல்லையென்றால் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கோக்க அம்மையாருக்குத் தோன்றியிருக்குமா?

அம்மையாருக்குப் பின் யாப்பு வேகமாகப் பரவுகிறது. ஏழாம் நூற்றாண்டில் அப்பர். பாண்டியன் நெடுமாறன்மீது பாண்டிக்கோவை. அதன் செய்யுள்கள் 300க்கு மேல் இறையனார் அகப்பொருள் உரையில் மேற்கோளாய் வந்ததனால் பிழைத்தன. பின்னர் நம்மாழ்வாரும் மாணிக்கவாசகரும். கோவை என்றாலே 400 கட்டளைக் கலித்துறை என்று ஆகிவிட்டது. அகப்பொருட் கோவைக்கு இந்த யாப்புப் பொருந்தியதற்குக் காரணம் உண்டு. கோவையின் ஒவ்வொரு செய்யுளும் ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லும் கூற்று: தோழி தலைவனுக்கு, செவிலி நற்றாய்க்கு. சங்கத்து அகவல் போல நீண்டால் 400 துறை தாங்காது. வெண்பாவோ மிகச் சுருங்கிவிடும். நிலத்தையும் பொழுதையும் காட்ட இடம் போதாது. 20 சீர் என்பது ஒரு பேச்சுக்கு அளவான இடம்.

சமய எல்லை இந்த யாப்புக்கு இருந்ததில்லை என்பதையும் போகிற போக்கிலே சொல்லிவிட வேண்டும். சைவரும் வைணவரும் பாடியது பார்த்தோம். அமிதசாகரர் சமணர். அவர் யாப்பிலக்கணத்தைச் சுருக்கிச் சொல்ல எடுத்துக்கொண்டதும் இந்த யாப்பையே. நூல் முழுவதும் ஒரு பெண்ணை விளித்துச் சொல்வதாக அமைந்தமையால் அதற்கு யாப்பருங்கலக் காரிகை என்று பெயர். கட்டளைக் கலித்துறைக்கே காரிகை என்றும் ஒரு பெயர் உண்டு. யாப்பை விளக்கும் விதியே அந்த யாப்பில் நின்று ஓதப்படும் விசித்திரம் அது. பௌத்தரான புத்தமித்திரர், வீரராசேந்திர சோழன் காலத்தில் (1063–1070), வீரசோழியத்தைச் செய்ததும் இதே யாப்பில்தான். இலக்கணம் மனத்தில் நிற்கவேண்டும். ஒரெழுத்துத் தப்பினாலும் செவி காட்டிக்கொடுக்கும் யாப்பு அதற்கு நல்ல பெட்டகம். காரிகை கற்பதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைப்பது மேல் என்று மாணாக்கர் பழித்தது வேறு விஷயம்.

பின்னே வந்தவர்களில் அருணகிரிநாதரை விட்டுவிட முடியாது. கந்தர் அலங்காரத்தில் இந்த யாப்பைத் தெருவிலே போகிறவனும் சொல்லக்கூடிய எளிமைக்குக் கொண்டுவந்தவர் அவர். கந்தர் அந்தாதியில் தகர வருக்கத்தை மட்டுமே வைத்து ஒரு கட்டளைக் கலித்துறை பாடி, தோற்றவர் செவியை அறுக்கும் வில்லிபுத்தூரரை அடக்கினார் என்று கதையும் உண்டு. கதை எப்படியோ, அந்தச் செய்யுளை உரையில்லாமல் விளங்கிக்கொள்வார் யாருமில்லை. வித்தை என்ற அளவில் வியக்கலாம். நான் அலங்காரத்தின் பக்கம்.

நம் நாட்டுக்கு வந்தால், ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தில் நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் கரவை வேலன் கோவை பாடினார். கரவெட்டி ஊர்ப் பிரபு ஒருவர், பாண்டியனும் தில்லைக் கூத்தனும் நின்ற இடத்தில் பாட்டுடைத் தலைவராய் நின்றார். யாப்பு மாறவில்லை. அடுத்த நூற்றாண்டில் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) 1881 இல் வீரசோழியத்தையும் 1883 இல் இறையனார் அகப்பொருளையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். ஒன்று கட்டளைக் கலித்துறையில் அமைந்த இலக்கணம். மற்றையதன் உரையிலே நூற்றுக்கணக்கான கட்டளைக் கலித்துறைகள். அவர் தாமே எழுதிய நூல் ஒன்றின் பெயரும் 'கட்டளைக் கலித்துறை' என்பதே.

ஏட்டிலிருந்து பாட்டை மீட்பதென்றால் என்ன என்பதை இங்கே சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் எழுதுவதே பெருவழக்கு. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். சீர் பிரிப்பதில்லை, அடி பிரிப்பதில்லை. வரிசையாய் நிற்கும் எழுத்துக்களில் எது மெய், எது உயிர்மெய் என்று தீர்மானிக்கவேண்டும். கட்டளைக் கலித்துறையானால் பதிப்பாசிரியருக்கு ஒரு துணை உண்டு. எதுகை அடியின் தலையைக் காட்டும். விளங்காய் வாலைக் காட்டும். இடையில் உயிரேறிய எழுத்து இத்தனைதான் இருக்கமுடியும் என்று கணக்குச் சொல்லும். 18 வந்தால் எங்கோ ஒரு மெய்யை உயிர்மெய்யாக வாசித்திருக்கிறோம், அல்லது எழுதியவன் ஓரெழுத்தைக் கூட்டிவிட்டான். 15 வந்தால் எங்கோ ஓரெழுத்தை விட்டுவிட்டான். ஆசிரியப்பாவிலே ஒரு சொல் மாறிப்போனால் பல வேளை யாப்புக் காட்டிக்கொடுக்காது. இங்கே காட்டிக்கொடுக்கும். இளைஞர் கேலி செய்த அந்தக் கணக்கு, நூற்றாண்டுகளாய்ப் பாட்டுக்குக் காவலும் இருந்திருக்கிறது.

அந்தக் காவலை நாம் இப்போது நம் கையாலேயே எடுத்துவிடுகிறோம். வாசிக்க எளிதாகட்டும் என்று சந்தி பிரித்து அச்சிடும் பதிப்புகளைச் சொல்கிறேன். நோக்கம் நல்லது. 'நாடெங்கும்' என்று பாடியதை 'நாடு எங்கும்' என்று பிரிக்கிறார்கள். சேர்ந்து நிற்கையில் ஒற்று நீக்கி மூன்றெழுத்து, பிரிந்தால் நான்கு. தேமாங்காய் கூவிளங்காயாகிறது, 16 என்பது 17 ஆகிறது. ஓரடியில் இரண்டு இடத்தில் இப்படிப் பிரித்துவிட்டால் 18. பாட்டை அப்படியே மனப்பாடம் செய்கிற பிள்ளை பிரித்தபடியே ஓதுகிறது. பிறகு யாப்புப் படித்து எண்ணிப் பார்க்கும்போது, பட்டரும் மாணிக்கவாசகரும் தவறிவிட்டார்கள் என்று எண்ணவும் கூடும். சீர்பிரித்த மூலத்தை மேலே இட்டு, சொற்பிரித்த வடிவத்தைக் கீழே சிறிய எழுத்தில் கொடுத்தால் போயிற்று. பழைய பதிப்பாசிரியர்கள் பதவுரை எழுதியது இதற்காகத்தானே? காகிதச் செலவு அதிகம் என்பார்கள். ஒரு பாட்டுக்கு நாலு வரி.

இருபதாம் நூற்றாண்டு இந்த யாப்பைக் கைவிட்டது என்று எண்ணுவோர் பாரதியின் விநாயகர் நான்மணிமாலையை எடுத்துப் பார்க்கலாம். வசன கவிதையும் எழுதிப் பார்த்த அந்தக் கை, புதுவையிலிருந்து 40 பாட்டு எழுதியிருக்கிறது: வெண்பா, கட்டளைக் கலித்துறை, விருத்தம், அகவல் என்று சுற்றிச் சுற்றி. நாட்டின் கவலையும் உலகத்தின் கவலையும் அந்தப் பாடல்களில் இருக்கின்றன. கட்டளைக் கலித்துறை அங்கே நிற்பதும், காரைக்காலம்மையார் நிறுத்திய அதே இடத்தில், வெண்பாவுக்கு அடுத்த வீட்டில்.